பதினோராம் படுக்கைக்கு வரவும்

அனுப்புநர்:
அறிவிப்பாளர், மாடி அறை,
மத்தியப் பேருந்து நிலையம்.
("மைக் அக்கா" என்று கேட்டால் எந்த நடத்துநரும் வழி காட்டுவார்.)

பெறுநர்:
உயர்திரு முதல்வர் அவர்கள்,
மருத்துவக் கல்லூரி மற்றும் மருத்துவமனை.

பொருள்: மாணவர்களுக்கு நடத்தப்படும் பண்பாட்டு நுண்ணுணர்வு வகுப்பில் தவறான பாடம் சொல்லிக்கொடுக்கப்படுவது – அதனால் என் நோய் என்னிடமே மறைக்கப்பட்டது – வகுப்பைத் திருத்தவும், மாணவி மீதான நடவடிக்கையைக் கைவிடவும் கோருவது – தொடர்பாக.

பார்வை: பெண்கள் அறுவைப் பிரிவின் அமைதியைக் குலைத்ததற்கு மன்னிப்புக் கடிதம் தரும்படி எனக்கு வந்த தங்கள் அலுவலகக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அலுவலகக் கடிதம் கிடைத்தது. நான் வார்டில் உரக்கக் கத்தியதாக அதில் எழுதப்பட்டிருக்கிறது. முதலில் அந்த வார்த்தையைத் திருத்திக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் கத்தவில்லை, அறிவித்தேன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் இத்தனை வருடமாகப் பிழைப்பு நடத்துகிறேன். கத்தினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. அறிவித்தால், மூட்டை மேல் தலை வைத்துத் தூங்குகிறவர்கூட எழுந்து தன் பேருந்தைப் பிடிப்பார். அன்று வார்டில் இருந்த யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், நான் சொன்னது ஒரு சொல் பிசகாமல் விளங்கியது என்பார்கள். மன்னிப்பு பற்றிய என் பதில் மனுவின் முடிவில் இருக்கிறது. அவசரப்படாமல் அதுவரை படிக்க வேண்டுகிறேன்.

2. தங்கள் கல்லூரிக்கு என்னை இரண்டு விதமாகத் தெரியும். கழுத்துக் கட்டிக்காகச் சேர்ந்த பதினோராம் படுக்கை நோயாளி என்பது இப்போது. அதற்கு முன்பே, மாணவர்களின் செய்முறை வகுப்பில் நோயாளியாக நடிக்க வருகிறவள் நான். உண்மையான நோயாளியிடம் போவதற்கு முன் மாணவர்கள் பேசிப் பழக வேண்டும் என்று வெளியாட்கள் சிலரைக் கூப்பிட்டு, இந்த வலி, இந்தக் கவலை என்று சொல்லிக்கொடுத்து உட்கார வைக்கிறீர்கள் அல்லவா, அந்தச் சிலரில் ஒருத்தி. நெஞ்சுவலிக்காரியாக இருந்திருக்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தேம்பியிருக்கிறேன். ஒருமுறை நான் மூச்சு வாங்கிய வாங்கலில் ஒரு மாணவர் பதறிப்போய் நிஜமான ஆக்சிஜன் சிலிண்டரையே உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. என் நடிப்பைப் பற்றி அதுவரை எந்தக் குறையும் வந்ததில்லை என்று பதிவு செய்வதற்காகவே சொல்கிறேன்.

3. மாணவர்கள் "கல்ச்சர் கிளாஸ்" என்று கூப்பிடும் பண்பாட்டு நுண்ணுணர்வு வகுப்பு சென்ற ஆண்டு தொடங்கியது. அதைத் தொடங்கிய பேராசிரியர் அம்மாவின் நல்ல எண்ணத்தில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அவருக்கு முந்தைய காலத்தையும் நான் பார்த்திருக்கிறேன். "எத்தனை தடவை சொன்னாலும் உங்களுக்கெல்லாம் மண்டையில ஏறாதா?" என்று ஒரு மருத்துவர் என் அம்மாவிடம் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "உங்களுக்கெல்லாம்" என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்கெல்லாம் என்று பொருள். ஊரார் எங்களை அக்கரைக்காரர்கள் என்பார்கள். நான் பிறந்தது, படித்தது, மைக் பிடித்தது எல்லாம் இக்கரையில்தான். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆகவே இப்படி ஒரு வகுப்பு வருகிறது என்றதும் மனதாரச் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

4. வகுப்புக்கு ஒரு அட்டவணை தயாரித்திருந்தார்கள். இடப்பக்கம் ஆட்களின் வகை, வலப்பக்கம் அவர்களிடம் நடந்துகொள்ள வேண்டிய விதம். மருந்துக் கடையில் இந்த இருமலுக்கு இந்த சிரப் என்று இருப்பது போல. "அக்கரைக் குடும்பங்கள்" என்ற வரிசையில் இப்படி இருந்தது: பெண்கள் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்கள். முடிவெடுப்பவர் குடும்பத்தின் ஆண். கெட்ட செய்தியை நோயாளியிடம் நேரடியாகச் சொல்வது அவமரியாதை. உடன் வந்த ஆணைத் தனியே அழைத்துச் சொல்லவும். எனக்குக் கொடுத்த வேடம் அந்தப் பெண். நான் ஒத்திகையிலேயே, "மேடம், நானே அந்தப் பக்கத்துக்காரிதான். எங்க வீட்டுல அப்படி இல்லையே" என்று சொன்னேன். பேராசிரியர் சிரித்து, "நீங்க விதிவிலக்கு. நாங்க பொதுவாச் சொல்றோம்" என்றார். எங்கள் தெருவில் என்னைப் போல் இன்னும் நிறைய விதிவிலக்குகள் இருக்கிறார்கள், வரிசையாக அழைத்து வரட்டுமா என்று கேட்டேன். நேரமாகிவிட்டது என்றார்கள். நடிக்க ஒப்புக்கொண்ட பிறகு வேடத்தோடு சண்டை போடுவது முறையில்லை என்று நானும் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

5. என் கணவரின் அண்ணனாக நடிக்கத் தங்கள் கல்லூரி வாசல் காவலரை உட்கார வைத்திருந்தார்கள். பாவம், மீசையைத் தடவிக்கொண்டு தலையாட்டுவது மட்டும்தான் அவருக்கு வேலை. மாணவர் உள்ளே வருவார். வணக்கம் சொல்வார். என் பக்கம் இருக்கும் நாற்காலியைக் காவலர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, என் வயிற்றில் இருப்பதை அவருக்கு விளக்குவார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பேராசிரியர் முழு மதிப்பெண் போடுவார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த அறையில் எந்த ஓடு விரிசல் விட்டிருக்கிறது என்று கேட்டால் இப்போதும் சொல்வேன்.

6. ஒரே ஒரு மாணவி மட்டும் நாற்காலியைத் திருப்பவில்லை. பெரிய ஆண்கள் கடிகாரம் கட்டிக்கொண்டு வரும் ஒல்லியான பெண். அவர் எங்கள் இருவருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, நேரே என் முன்னால் உட்கார்ந்து, "அம்மா, உங்க உடம்பைப் பத்தி நீங்க எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க? நான் சொல்லும்போது யாரு கூட இருக்கணும்?" என்று கேட்டார். எனக்குக் கொடுத்த வசனத்தில் அதற்குப் பதில் இல்லை. நான் நிமிர்ந்து பார்த்துவிட்டேன். காவலர் மீசையைத் தடவுவதை நிறுத்திவிட்டார். என் வாழ்நாளில் மருத்துவம் சம்பந்தப்பட்ட யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பேராசிரியர் வெளியே வந்து, "நல்ல மனசும்மா, ஆனா இது அவங்க பண்பாட்டை மதிக்கிறதா இல்ல" என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்தார். அடுத்த வாரம் அந்த மாணவி மறுபடியும் செய்து காட்ட வேண்டியதாயிற்று. அந்தத் தடவை நாற்காலியைச் சத்தமே வராமல் அழகாகத் திருப்பினார். முழு மதிப்பெண் வாங்கினார்.

7. அதற்குச் சில மாதங்கள் கழித்து என் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கோலிக்குண்டு அளவு இருக்கும். எச்சில் விழுங்கினால் அதுவும் ஏறி இறங்கியது. அறிவிப்பு அறையில் என்னோடு வேலை செய்யும் நேரக்காப்பாளர்தான், "மைக் அக்கா, மூணாவது நடைமேடைன்னு சொல்லும்போது குரல் கொஞ்சம் கரகரங்குதே" என்றார். தொண்டை கட்டியிருக்கும் என்று வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தேன். கரகரப்பு போகவில்லை. தங்கள் மருத்துவமனைக்கு வந்தேன். என் கணவர் லாரி ஓட்டுகிறவர், அப்போது வெளியூர்ப் பயணத்தில் இருந்தார். ஆகையால் கொழுந்தனார் என்னை பைக்கில் கொண்டுவந்து இறக்கினார்.

8. இந்தக் கொழுந்தனாரைப் பற்றித் தாங்கள் அறிய வேண்டியது அவசியம். தங்கம் போன்ற மனசு. பஞ்சர் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் தொலைக்காட்சியில் எந்தச் சேனல் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம்கூட அவருக்கு இதுவரை கிடைத்ததில்லை. அவர் சொல் கேட்பது அவருடைய பைக் ஒன்றுதான், அதுவும் மழை பெய்தால் கேட்காது. அவர் அன்று உள்ளே வந்ததற்குக் காரணம் வெளியே வெயில் என்பது மட்டுமே. ஊசி போட்டு எடுத்த பரிசோதனையின் முடிவு வந்த நாளிலும் அவர்தான் இறக்கிவிட வந்தார். அன்று தங்கள் மருத்துவமனை அவரைத் தனி அறைக்கு அழைத்துப்போய், நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, எங்கள் குடும்பத் தலைவராக்கிவிட்டது. அண்ணிக்குக் கழுத்தில் இருப்பது புற்றுநோயாக இருக்க வாய்ப்பு அதிகம், சுரப்பியை எடுக்க வேண்டும், குரலுக்குப் போகும் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது, ஆகவே குரல் போகவும் கூடும், இதை அண்ணியிடம் சொல்ல வேண்டாம் என்று அவருக்கு விளக்கமாகச் சொன்னார்கள். எதற்கும் தலையாட்டிப் பழகிய மனிதர் அதற்கும் தலையாட்டினார். அவர் வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல அண்ணி, உள்ள ஏசி ஜாஸ்தி" என்றார்.

9. விளக்கிச் சொன்னது யார் என்றால், அந்தக் கடிகார மாணவிதான். அப்போது அறுவைப் பிரிவில் பயிற்சியில் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தார். என்னைப் பரிசோதிக்கப் படுக்க வைத்திருந்த கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார். கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னக் கட்டிதான்மா, எடுத்துட்டா சரியாயிடும்" என்றார். அவ்வளவுதான் எனக்குச் சொல்லப்பட்டது. என்னிடம் அவ்வளவு கனிவாக யாரும் பொய் சொன்னதில்லை. பிறகு ஒருநாள் அவரிடமே காரணம் கேட்டேன். கண் கலங்கிச் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "நீங்க கிளாஸ்ல அப்படித்தானே இருந்தீங்க. அதுதான் நிஜம்னு நினைச்சேன்." ஐயா, நான் நெஞ்சுவலிக்காரியாக நடித்தேன் என்பதற்காக எனக்கு யாரும் இதய மாத்திரை கொடுக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அழுததற்காக என் மகளுக்கு யாரும் ஊசி போடவில்லை. அக்கரைக்காரியாக நடித்ததை மட்டும் எல்லோரும் நம்பிவிட்டீர்கள்.

10. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். கொழுந்தனார் தொலைபேசியில் என் கணவருக்குச் சொன்னார். என் கணவருக்கு லாரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு அழத் தெரிந்தது, என்னிடம் சொல்லத் தெரியவில்லை. மருத்துவரே மறைக்கச் சொல்கிறார் என்றால் அதில் ஏதோ அர்த்தம் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். மாமியாருக்கும் தெரிந்தது. திடீரென்று வீட்டில் போடும் முதல் டீ எனக்கு வந்தது. நான் பேச ஆரம்பித்தால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும் என் மகள்கூட, "அம்மா, நீ பஸ் ஸ்டாண்டுல பேசுற மாதிரி கொஞ்சம் பேசு" என்று கேட்டாள். என்னடி திடீர்னு என்று அதட்டிவிட்டேன். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. குரலுக்குச் சொந்தக்காரியான என்னைத் தவிர வீட்டில் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

11. அறுவை சிகிச்சைக்குக் குறித்த நாள் காலை, பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு பதினோராம் படுக்கையில் இருந்தேன். ஒப்புதல் படிவத்தில் உறவினர் இடத்தில் கொழுந்தனார் முந்தின நாளே கையெழுத்துப் போட்டிருந்தார். நோயாளியின் இடம் காலியாக இருந்தது. போகிறபோக்கில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்களாம். மயக்க மருந்து மருத்துவர் வந்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, போகும்போது எனக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னார்: "குரலைப் பத்திப் பயப்படாதீங்க. பெரும்பாலானவங்களுக்குக் கொஞ்ச நாள்ல திரும்பிடும்." அவரும் நல்ல மனிதர்தான். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னார். என்ன குரல், எங்கே போகிறது, எதற்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டேன். அவர் செவிலியரைப் பார்த்தார். செவிலியர் கொழுந்தனாரைப் பார்த்தார். கொழுந்தனார் சுவரில் மாட்டியிருந்த கை கழுவும் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்க ஒருவரும் இல்லை.

12. தங்கள் கடிதம் "கத்தியது" என்று குறிப்பிடும் சம்பவம் அப்போதுதான் நடந்தது. நான் படுக்கையை விட்டு இறங்கி, வார்டின் நடுவில் செவிலியர் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மைக் இல்லை. எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. நான் அறிவித்தது இதுதான்: "அன்பான கவனத்திற்கு. பதினோராம் படுக்கையில் இருக்கும் பெண்ணுக்கு என்ன நோய் என்பதை அறிந்தவர்கள், யாராக இருந்தாலும், உடனடியாகப் பதினோராம் படுக்கைக்கு வரவும்." வழக்கப்படி இரண்டாம் முறையும் சொன்னேன். வார்டில் டம்ளர் சத்தம்கூட நின்றுபோனது. பிறகு என் படுக்கைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து காத்திருந்தேன். இதைத் தவிர நான் வேறு எந்த அமைதியையும் குலைக்கவில்லை.

13. வந்தார்கள். முதலில் ஓடி வந்தவர் அந்த மாணவி. பின்னாலேயே தலைமை அறுவை மருத்துவர் வந்தார். முகத்தில் எரிச்சல் இருந்தது, ஆனாலும் முக்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். நோயின் பெயரைச் சொன்னார். ஒரு காகிதத்தின் பின்பக்கம் கழுத்தை வரைந்து, சுரப்பி எங்கே, நரம்பு எங்கே, கத்தி எங்கே போகும் என்று காட்டினார். பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். என் கட்டி நரம்பின் பக்கமாகவே இருப்பதால் குரலுக்கு மட்டும் உறுதி தர முடியாது என்றார். ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. நான் அழுதேன்தான். அழுதேன் என்பதற்காகச் சொல்லியிருக்கக் கூடாது என்று யாரும் நினைக்க வேண்டாம். என் நோய்க்கு நான் அழாமல் வேறு யார் அழுவது? அழுது முடித்த பிறகு, அறுவைக்கு இரண்டு வாரம் தள்ளி நாள் கேட்டேன். அவ்வளவு நாள் பொறுத்தால் ஆபத்தில்லை என்று கொடுத்தார்.

14. தாங்கள் ஒன்று கேட்கலாம். முதலிலேயே சொல்லியிருந்தால் மட்டும் என்ன மாறியிருக்கும் என்று. உயிரா குரலா என்று என்னைக் கேட்டிருந்தால் நானும் உயிர் என்றுதான் சொல்லியிருப்பேன். கொழுந்தனார் தலையாட்டியதும் அதே பதிலுக்குத்தான். பதிலில் எனக்குச் சண்டை இல்லை. கேள்வி என்னிடம் வரவில்லை என்பதுதான் சண்டை. அன்று அந்த மயக்க மருந்து மருத்துவர் வாய் தவறிச் சொல்லியிராவிட்டால், நான் கண் விழித்துப் பேச வாயெடுத்து, சத்தம் வராமல், ஏன் வரவில்லை என்று கேட்கவும் வழியில்லாமல் படுத்திருப்பேன். என்னைச் சுற்றி எல்லோரும் காரணம் தெரிந்த முகத்தோடு நின்றிருப்பார்கள்.

15. பத்தாம் படுக்கை அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் இந்த ஊர்க்காரர், பரம்பரையாக இங்கேயே இருப்பவர். அட்டவணையில் அவருடைய வரிசையில் "உண்மையை நோயாளியிடமே நேரடியாகக் கூறவும்" என்று இருக்கிறது. அதன்படி ஒரு மாணவர் வந்து, நின்றுகொண்டே, எல்லாவற்றையும் அவரிடம் கூறிவிட்டுப் போனார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இதெல்லாம் தாங்காதும்மா. என் பையன்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். தெரிந்துகொள்ளத் துடித்த எனக்குச் சொல்லவில்லை. தெரிய வேண்டாம் என்று நினைத்தவருக்குச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் படுக்கையை மாற்றிப் படுத்திருந்தால் இரண்டு பேருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் இருந்தது ஒரு சிறிய அலமாரி. இரண்டு பக்கமும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அட்டவணை இருக்கிறதே, கேட்பானேன் என்று விட்டுவிட்டார்கள்.

16. இப்போது என் காதுக்கு இரண்டு செய்திகள் வந்திருக்கின்றன. ஒன்று, அந்த மாணவிக்கு விளக்கம் கேட்டு ஓலை அனுப்பி, பயிற்சியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். இரண்டு, இந்த வகுப்பே தண்டம், கல்ச்சரும் வேண்டாம் கத்தரிக்காயும் வேண்டாம், நோயைப் பார்த்தால் போதும் என்று சில மூத்த மருத்துவர்கள் பேசுகிறார்கள். இரண்டையும் நான் வன்மையாக எதிர்க்கிறேன். அந்தப் பெண் சரியாகக் கேட்டபோது மதிப்பெண்ணைக் குறைத்தீர்கள். தவறாகச் செய்தபோது முழுதாகக் கொடுத்தீர்கள். கொடுத்த பாடத்தை ஒழுங்காகப் படித்ததற்கு இப்போது தண்டனையும் தருகிறீர்கள். பாதிக்கப்பட்டவள் நான். நானே அவர் மீது புகார் தரவில்லை. என் பெயரைச் சொல்லி அவரைத் தண்டித்துவிட்டு, இந்த விஷயத்தைப் பூசி மெழுகிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வகுப்பை மூடுவதற்கும் என் பெயர் பயன்படக் கூடாது. மூடினால் மறுபடி "உங்களுக்கெல்லாம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். என் அம்மா கேட்ட அந்தச் சொல்லை என் மகள் கேட்க நான் விடமாட்டேன்.

17. கிடைத்த இரண்டு வாரத்தில் நான் என்ன செய்கிறேன் என்று தங்களுக்குத் தெரிந்தால் நல்லது. பேருந்து நிலையக் கணினியில் என் குரலைப் பதிவு செய்து வைக்கிறேன். எல்லா வழித்தடங்களும், எல்லா நடைமேடைகளும், பேருந்து தாமதம், பேருந்து ரத்து, பிக்பாக்கெட் எச்சரிக்கை, எல்லாம் ஆயிற்று. மின்விசிறியை நிறுத்திவிட்டு, சன்னலைச் சாத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பேசுகிறேன். நேரக்காப்பாளர் வாசலில் நின்று யாரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொள்கிறார். ஒரே ஒரு அறிவிப்பை மட்டும் பதிவு செய்ய முடியவில்லை. காணாமல் போன குழந்தைக்கான அறிவிப்பு. எப்படிப் பதிவு செய்வது? ஒவ்வொரு பிள்ளைக்கும் சட்டை நிறம் வேறு, வயது வேறு. அழுதுகொண்டு மாடி ஏறி வரும் தாயை உட்கார வைத்து, "என்ன சட்டை போட்டிருந்தான், உங்களை என்னன்னு கூப்பிடுவான்?" என்று கேட்ட பிறகுதான் மைக்கை எடுக்க முடியும். பொதுவாக இந்த ஊர்ப் பிள்ளைகள் நீலச் சட்டை போடுவார்கள் என்று அறிவித்துக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளையும் வீடு போய்ச் சேராது. தங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்க வேண்டியது இவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது.

18. ஆகவே நான் கோருவது பின்வருமாறு:

(அ) மேற்படி அட்டவணையை வகுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். அந்த மாணவி முதல் தடவை கேட்டாரே, அந்தக் கேள்வியை எல்லா மாணவர்களும் எல்லா நோயாளிகளிடமும் கேட்கப் பழக்க வேண்டும். நோயாளி அக்கரைக்காரரா இக்கரைக்காரரா என்று பார்த்துக் கேட்கக் கூடாது.

(ஆ) அந்த மாணவி மீதான நடவடிக்கையை உடனே கைவிட வேண்டும். முதல் தடவை குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதில் நான் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

(இ) உடன் வந்தவரிடம் எதைச் சொல்வதாக இருந்தாலும், நோயாளி சம்மதித்த பிறகே சொல்ல வேண்டும். பைக் வைத்திருப்பது குடும்பத் தலைவராவதற்குத் தகுதி இல்லை என்பதை வார்டில் உள்ள அனைவருக்கும் தெரியப்படுத்த வேண்டும். கொழுந்தனாரும் இந்தக் கோரிக்கையை முழு மனதோடு ஆதரிக்கிறார். அந்த நாற்காலியில் இனி ஒரு தடவைகூட உட்கார மாட்டேன் என்கிறார்.

19. தங்கள் அலுவலகம் கேட்ட மன்னிப்புக்கு வருகிறேன். தர இயலாது. அன்று தூக்கம் கலைந்த நோயாளிகள் யாராவது இருந்தால் அவர்களிடம் நேரில் போய் வருத்தம் தெரிவிக்கத் தயார். ஏற்கெனவே பத்தாம் படுக்கை அம்மாவிடம் கேட்டேன். "நல்லா கேட்டுச்சு, இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம்" என்றார். தங்கள் அலுவலகத்திற்குத் தருவதற்கு என்னிடம் மன்னிப்பு இல்லை.

20. செய்முறை வகுப்பில் நடிப்பவர்களின் பட்டியலிலிருந்து என்னை நீக்கிவிட்டதாகவும் அறிந்தேன். வரும் வியாழக்கிழமை எனக்கு அறுவை சிகிச்சை. படிவத்தில் காலியாக இருந்த இடத்தில் இந்த முறை, எல்லாவற்றையும் படித்துப் பார்த்து, நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மதியம் புது மாணவர்களுக்கு அந்த வகுப்பு நடக்கிறது. நான் வருவேன். இந்த முறை நடிக்க வரவில்லை, நானாகவே வருகிறேன். கல்லூரி வாசலில் தடுக்கலாம். தடுக்க வேண்டியவர் எனக்கு மூத்தாராக நடித்த அந்தக் காவலர்தான், அவர் தடுக்க மாட்டார் என்று நம்புகிறேன். அந்த மாணவியும் வகுப்பில் இருக்க வேண்டும். எனக்கு ஒரு நாற்காலி போட்டால் போதும். மாணவர்கள் என்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கட்டும். நிமிர்ந்து பார்த்து, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி பதில் சொல்கிறேன். இந்தக் குரலில் அதைச் சொல்ல எனக்கு அந்த ஒரு நாள்தான் நிச்சயம். ஆகையால் கனம் பொருந்திய தாங்கள் இம்மனுவைக் கோப்பில் வைத்து ஊறப்போடாமல், செவ்வாய்க்கிழமைக்குள் முடிவெடுக்கக் கோருகிறேன்.

குரல் திரும்பினால் அடுத்த வகுப்புக்கும் வருவேன். திரும்பாவிட்டாலும் வருவேன். அப்போது மாணவர் கேட்கும் கேள்விக்கு நான் சிலேட்டில் எழுதிக் காட்டுவேன். எழுதி முடிக்கிறவரை அவர் பக்கத்தில் இருக்கும் யாரையும் பார்க்காமல் என்னையே பார்த்துக் காத்திருக்க வேண்டும். கொழுந்தனார் என்னை இறக்கிவிட்டு பைக்கோடு வாசலிலேயே நிற்பார்.

இடம்: மாடி அறை, பேருந்து நிலையம்
நாள்: வெள்ளிக்கிழமை, காலைப் பணி முடிந்த பின்

இப்படிக்கு,
தானே எழுதி, தானே படித்துப் பார்த்து, தானே கையெழுத்திடும்,
மைக் அக்கா
(பதினோராம் படுக்கை)